மாதா விஷயத்தில் எந்தப் பக்கம்? வசனங்களை வைத்து ஓர் ஒப்பீடு

ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பமும் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட் வகையான தென்னிந்தியத் திருச்சபை) குடும்பமும் சம்பந்தம் பேசும்போது நகை, மண்டபம், சாப்பாடு எல்லாம் ஒருவழியாக முடிந்தபிறகும் ஒரு விஷயம் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டில் ஜெபமாலை உண்டா? பிள்ளைக்கு எந்தக் கோவிலில் ஞானஸ்நானம்? இரண்டில் ஒருவர் மற்றவரின் சபைக்கு மாற வேண்டுமா? கொஞ்சம் கிளறினால் பெரும்பாலும் மாதாவில் வந்து நிற்கும். "பைபிளில் இதெல்லாம் எங்கே இருக்கு?" என்று ஒரு பக்கம் கேட்கும். "அந்தப் பைபிளைத் தொகுத்துக் கொடுத்ததே திருச்சபைதானே?" என்று மறுபக்கம் பதில் வரும். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் ஜெபிக்கிறவர்கள். பேச்சு மட்டும் நகராது.

முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபை மரியாவைப் பற்றி விசுவாசக் கோட்பாடாக வைத்திருப்பவை நான்கு: இறைவனின் தாய், என்றும் கன்னி, அமல உற்பவம், விண்ணேற்பு. இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி, மொத்தமாக ஏற்கவோ மொத்தமாகத் தள்ளவோ பார்ப்பதுதான் வழக்கம். என் கணிப்பில் பேச்சு கெட்டுப்போவது அங்கேதான். நான்குக்கும் வேதத்தில் ஒரே அளவு பிடிமானம் கிடையாது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், எது வசனச் சண்டை, எது அதிகாரச் சண்டை என்று பிரிந்து தெரியும்.

முதலில் அளவுகோல். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகக் கத்தோலிக்க ஆயர்களின் மாமன்றம்) இறைவெளிப்பாடு பற்றி வெளியிட்ட ஏடு, வெளிப்படுத்தப்பட்டவை அனைத்தையும் பற்றிய உறுதியைத் திருச்சபை மறைநூலிலிருந்து மட்டுமே பெறுவதில்லை என்று நேராகவே சொல்கிறது. மறைநூலும் மரபும் சேர்ந்தே ஊற்று. அதற்குப் பொருள் சொல்லும் பொறுப்பு ஆயர்களோடு சேர்ந்த போப்பாண்டவருக்கு. வாய்மொழியாகவோ கடிதம் மூலமாகவோ கற்ற மரபுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பவுல் சொல்லும் 2 தெசலோனிக்கேயர் 2:15 அவர்கள் காட்டும் வசனம். புராட்டஸ்டண்ட் பக்கத்தில், சி.எஸ்.ஐ.யில் கலந்த சபைகளில் ஒன்றான ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் ஆறாவது விதி தெளிவாக இருக்கிறது: வேதத்தில் வாசிக்கப்படாததையும், அதைக் கொண்டு நிரூபிக்க முடியாததையும் இரட்சிப்புக்கு அவசியம் என்று யார் மீதும் சுமத்தக்கூடாது.

இதில் 'நிரூபிக்க முடியாததையும்' என்ற பகுதியைப் பல சி.எஸ்.ஐ. நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள். வார்த்தைக்கு வார்த்தை வேதத்தில் இருக்க வேண்டும் என்று சீர்திருத்தச் சபைகள் ஒருநாளும் சொன்னதில்லை. திரித்துவம் என்ற சொல்லும்தான் பைபிளில் இல்லை. வசனங்களிலிருந்து தவிர்க்க முடியாதபடி கிடைக்கும் முடிவும் வேதத்தின் போதனைதான். ஆகவே கேள்வியைச் சரியாகக் கேட்டால் இப்படி வரும்: இந்தக் கோட்பாடு வசனத்திலிருந்து கிடைக்கிறதா, வசனத்தோடு ஒத்துப்போகிறதா, அல்லது வசனத்துக்கு முரணா? இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் முக்கால்வாசி வாக்குவாதம் நடக்கிறது.

'இறைவனின் தாய்' என்பதில் நிஜமாகவே பெரிய சண்டை இல்லை. 431இல் எபேசு சங்கம் இந்தப் பட்டத்தை உறுதிசெய்தபோது விவாதம் இயேசுவைப் பற்றியது. கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியு 'கிறிஸ்துவின் தாய்' போதும் என்றார். அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில், மரியா பெற்ற பிள்ளையில் மனிதன் வேறு, தேவன் வேறு என்று பிரிக்க முடியாது என்றார். லூக்கா 1:43இல் எலிசபெத்தே "என் ஆண்டவருடைய தாயார்" என்று சொல்லிவிடுகிறாள். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் இந்தப் பட்டத்தைத் தயங்காமல் ஏற்றார். இன்றைக்குத் தமிழ் புராட்டஸ்டண்ட் காதுக்கு அது உறுத்துகிறதென்றால், காரணம் வசனத்தைவிட அந்தப் பட்டத்தோடு வரும் தேரும் சப்பரமும்தான் என்பேன்.

'என்றும் கன்னி' விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

மாற்கு 6:3இல் நாசரேத்து ஊர்க்காரர்கள் நான்கு பேரைப் பெயர் சொல்லி இயேசுவின் சகோதரர்கள் என்கிறார்கள்: யாக்கோபு, யோசே, யூதா, சீமோன். சகோதரிகளும் இங்கே இருக்கிறார்கள் என்கிறார்கள். மத்தேயு 1:25, மகனைப் பெறும்வரை யோசேப்பு மரியாளை அறியவில்லை என்கிறது. லூக்கா 2:7 'முதற்பேறான குமாரன்' என்கிறது. சாதாரணமாக வாசிக்கிறவருக்கு இவை என்ன சொல்கின்றன என்பது வெளிப்படை. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

கத்தோலிக்கர் தரும் பதில்களையும் தட்டிவிட முடியாது. 'வரை' என்ற சொல் அதற்குப் பிறகு மாறியது என்று காட்டாது: 2 சாமுவேல் 6:23இல் மீகாளுக்கு மரணநாள்வரை பிள்ளை இல்லை, மரணத்துக்குப் பிறகு பிறந்ததா என்ன? முதற்பேறு என்பது மோசேயின் சட்டத்தில் ஒரு தகுதி. அடுத்த பிள்ளைக்காக அது காத்திருப்பதில்லை. 'சகோதரன்' என்பதோ பரந்த சொல். ஆதியாகமம் 14இல் கூடப்பிறந்தவரின் மகனான லோத்து ஆபிராமுக்குச் சகோதரன். நம் ஊரில் சித்தப்பா மகனைத் தம்பி என்று சொல்வது போலத்தான், என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தருவார்கள். புராட்டஸ்டண்ட் தரப்பு இதற்கும் மறுப்பு வைத்திருக்கிறது. கிரேக்கத்தில் ஒன்றுவிட்ட சகோதரனுக்குத் தனிச் சொல் உண்டு; மாற்குவுக்கும் பர்னபாவுக்கும் உள்ள உறவைச் சொல்லக் கொலோசெயர் 4:10இல் பவுல் அதையே எழுதுகிறார். கலாத்தியர் 1:19இல் யாக்கோபைப் பற்றிச் சொல்லும்போது அவரே அதை எழுதவில்லை.

அப்புறம் மாற்கு 15:40ஐப் புரட்டிப் பாருங்கள். சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்ற பெண்களில் ஒருத்தி 'சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயாகிய மரியாள்'. 6:3இல் முதலில் வந்த அதே இரண்டு பெயர்கள். இவள் இயேசுவின் தாய் என்றால் மாற்கு ஏன் அப்படிச் சொல்லவில்லை? இவள் வேறொரு மரியாள் என்றால், அந்த 'சகோதரர்களில்' இரண்டு பேர் இவளுடைய பிள்ளைகளா? மரியாளுக்கு வேறு பிள்ளைகள் உண்டு என்று எழுதிய எல்விதியுவுக்கு எதிராக, பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ் 383 வாக்கில் பிடித்துக்கொண்ட இழை இதுதான். யோவான் 19:26-27 இன்னொன்று: வேறு மகன்கள் உயிரோடு இருக்கும்போது தாயைச் சீடனிடம் ஒப்படைப்பானேன்? ஆனால் யாக்கோபு, யோசே இரண்டும் அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேர் வைத்திருந்த பெயர்கள். இயேசுவின் சகோதரர்கள் அப்போது அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 சொல்வதே, அவர் தாயைச் சீடனிடம் விட்டதற்குப் போதுமான காரணமாக இருக்கலாம்.

என் தீர்ப்பு: வசனங்களை மட்டும் வைத்தால் மரியாளுக்கு வேறு பிள்ளைகள் இருந்தார்கள் என்ற வாசிப்பின் பக்கம்தான் தராசு சாய்கிறது, ஆனால் கொஞ்சமாகத்தான். அதனால்தான் சீர்திருத்தவாதிகளே இதில் அவசரப்படவில்லை. லூத்தரும் சுவிங்ளியும் மரியாள் என்றும் கன்னி என்றே நம்பினார்கள். மத்தேயு 1:25இலிருந்து எந்த முடிவுக்கும் வரமுடியாது என்றார் கால்வின். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1749இல் ஒரு கத்தோலிக்கருக்கு எழுதிய கடிதத்தில், மரியாள் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் கன்னியாகவே இருந்தார் என்று தன் விசுவாசத்தைச் சொல்கிறார். சி.எஸ்.ஐ.யில் கலந்திருக்கும் ஓடைகளில் மெதடிசமும் ஒன்று என்பதால், இதை நம்பினாலே ஆர்.சி. ஆகிவிட்டதாக அர்த்தம் என்று பயப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது, அமல உற்பவம். அமலோற்பவம் என்று பெண்பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பவர்களிலேயே பலர், இது இயேசு கன்னியிடம் பிறந்ததைச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. மரியா தன் தாய் அன்னம்மாளின் வயிற்றில் கருவான நொடியிலேயே ஆதாமிடமிருந்து எல்லாருக்கும் வரும் ஜென்மப் பாவம் தீண்டாமல் காக்கப்பட்டார் என்பதுதான் 1854 டிசம்பர் 8 அன்று போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்த கோட்பாடு. அன்னம்மாள், அவர் கணவர் சுவக்கின் என்ற பெயர்களே பைபிளில் கிடையாது. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, பைபிளில் சேர்க்கப்படாத யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற நூலில்தான் வருகின்றன.

வேத ஆதாரமாகக் காட்டப்படுவது முக்கியமாக லூக்கா 1:28. புராட்டஸ்டண்ட் வீட்டுப் பழைய வேதாகமத்தில் அது "கிருபை பெற்றவளே". ஜெபமாலையில் "அருள் நிறைந்த மரியே". மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல், ஏற்கெனவே அருளப்பட்டு அந்த நிலையிலேயே இருக்கிறவள் என்று பொருள் தரும் வினைவடிவம். தூதர் அதையே பெயரைப் போலச் சொல்லி அழைப்பது கவனிக்கத் தக்கதுதான். ஆனால் அந்த நிலை எப்போது தொடங்கியது என்று அந்தச் சொல் சொல்வதில்லை. கருவான நொடியிலிருந்து என்பதை அதிலிருந்து கறந்தெடுக்க முடியாது. அதே வினையை எபேசியர் 1:6 எல்லா விசுவாசிகளுக்கும் பயன்படுத்துகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வசனங்கள் இரண்டு: "எல்லாரும் பாவஞ்செய்து" என்ற ரோமர் 3:23, மரியாளே தேவனைத் தன் இரட்சகர் என்று பாடும் லூக்கா 1:47. பாவமில்லாதவளுக்கு இரட்சகர் எதற்கு? இதற்குக் கத்தோலிக்க இறையியல் தந்த பதில் கூர்மையானது. 1308இல் இறந்த பிரான்சிஸ்கன் துறவி டன்ஸ் ஸ்கோட்டஸ் சொன்னார்: விழுந்தவரைத் தூக்குவதும் மீட்பு, விழாமல் தடுப்பது அதைவிடப் பெரிய மீட்பு, மரியாவும் கிறிஸ்துவால்தான் மீட்கப்பட்டார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் கவனியுங்கள், இது கோட்பாட்டைத் தடையிலிருந்து விடுவிக்கிறது. வசனத்திலிருந்து கோட்பாட்டைப் பிறப்பிக்கவில்லை. ஸ்கோட்டஸுக்கு முன்பே, கத்தோலிக்கரின் பெரிய இறையியலாளர்களான புனித பெர்னார்டும் தாமஸ் அக்குவினாசும் இந்தக் கருத்தை ஏற்கவில்லை. மாதா பக்தியில் பெர்னார்டை மிஞ்ச ஆளில்லை. அக்குவினாசுக்கு வேதம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. வசனம் அவ்வளவு தெளிவாக இருந்திருந்தால் அவர்கள் தவறவிட்டிருப்பார்களா?

விண்ணேற்புக்கு வந்தால் வசனம் இன்னும் மெலிகிறது. 1950 நவம்பர் 1 அன்று போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் இதை அறிவித்தார். மரியா இறந்தாரா இல்லையா என்பதைக்கூடத் தொடாமல், மண்ணக வாழ்வு முடிந்தபின் ஆன்மாவும் உடலுமாக விண்ணக மகிமைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று மட்டும் வார்த்தையை அளந்து போட்டிருக்கிறார். நாலாம் நூற்றாண்டில் ஆயர் எப்பிபானியு மரியாவின் முடிவு யாருக்கும் தெரியாது என்றே எழுதினார். திருவிழா ஆகஸ்ட் 15 என்பதால் நம் பங்குகளில் பூசை முடிந்த கையோடு தேசியக் கொடியும் ஏறும். அந்த உற்சாகத்தில் வசனத்தை யார் தேடப்போகிறார்கள்?

ஆனால் இங்கேதான் கத்தோலிக்க வாசிப்பின் அழகான பகுதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் ஒப்பீடு ஓரவஞ்சனை ஆகிவிடும். 2 சாமுவேல் 6ஐயும் லூக்கா 1ஐயும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவர தாவீது யூதா நாட்டுக்குப் போகிறான். மரியாள் யூதாவின் மலைநாட்டுக்குப் போகிறாள். கர்த்தருடைய பெட்டி என்னிடத்தில் வருவதெப்படி என்று தாவீது. ஆண்டவருடைய தாயார் என்னிடத்தில் வந்தது எப்படி என்று எலிசபெத். பெட்டிக்கு முன் தாவீது குதித்து ஆடுகிறான். வயிற்றுப் பிள்ளை துள்ளுகிறது. பெட்டி ஓபேத் ஏதோமின் வீட்டில் மூன்று மாதம். மரியாள் எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம். லூக்கா தெரிந்தே இதைப் பின்னியிருக்கிறார் என்று நம்பும் வேத அறிஞர்கள் உண்டு. வெளிப்படுத்தலில் 11ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் பரலோக ஆலயத்தில் பெட்டி தெரிகிறது. அடுத்த வசனத்திலேயே சூரியனை அணிந்த பெண். மரியாதான் புதிய பெட்டி, பெட்டி இருக்குமிடம் பரலோகம் என்று கோத்துவிட்டால் விண்ணேற்பு பொருந்தி உட்கார்ந்துகொள்ளும்.

புராட்டஸ்டண்ட் பதில் சுருக்கமானது: நிழலும் நிஜமும் வைத்து வாசிப்பது தியானத்துக்கு நல்லது, கோட்பாட்டுக்கு அடித்தளம் ஆகாது. அந்தப் பெண் இஸ்ரவேல் மக்களையும் சபையையும் குறிக்கிறாள் என்பதற்கு அதே அதிகாரத்தில் பன்னிரண்டு நட்சத்திரங்கள் சாட்சி. எனக்கும் இந்தப் பதில்தான் சரியாகப் படுகிறது. ஆனால் ஏனோக்கும் எலியாவும் உடலோடு எடுத்துக்கொள்ளப்பட்டதை நம்புகிறவர்களுக்கு விண்ணேற்பு அடிப்படையிலேயே கேலிக்குரியதாகத் தோன்றக் காரணம் இல்லை. முரண் இல்லை, ஆதாரமும் இல்லை. என் கணக்கில் அவ்வளவுதான்.

கோட்பாடுகள் போகட்டும். வீட்டுக்குள் நிஜமாக உரசுவது மாதாவிடம் வேண்டுவது. 1 தீமோத்தேயு 2:5, தேவனுக்கும் மனுஷருக்கும் ஒரே மத்தியஸ்தர் என்கிறது. அதே அதிகாரத்தின் முதல் வசனமோ எல்லாருக்காகவும் வேண்டுதல் செய்யச் சொல்கிறது. அதனால் ஒருவர் இன்னொருவருக்காக ஜெபிப்பது கிறிஸ்துவின் இடத்தைப் பறிப்பதாகாது என்பது கத்தோலிக்க வாதம். அது சரிதான். ஆனால் உயிரோடிருக்கும் அக்காவிடம் 'எனக்காக ஜெபி' என்று கேட்பதும், இறந்து பரலோகத்தில் இருப்பவரிடம் கேட்பதும் ஒன்றா? வெளிப்படுத்தல் 5:8இல் மூப்பர்கள் பரிசுத்தவான்களின் ஜெபங்களைத் தூபக் கலசங்களில் ஏந்துகிறார்கள். இறந்தவர் மக்களுக்காக ஜெபிப்பதைத் தெளிவாகச் சொல்லும் இடம் 2 மக்கபேயர் 15இல் எரேமியா தோன்றும் காட்சி. அந்தப் புத்தகம் ஆர்.சி.யின் 73 புத்தகங்களில் உண்டு, புராட்டஸ்டண்ட் வேதாகமத்தின் 66இல் இல்லை. பைபிளில் இருக்கிறதா என்று கேட்டால், எந்தப் பைபிளில் என்று திருப்பிக் கேட்க வேண்டிய இடம் இது. ஆனாலும் அந்தக் காட்சியில்கூட எரேமியா ஜெபிக்கிறார். அவரிடம் யாரும் ஜெபிக்கவில்லை.

கத்தோலிக்கப் பக்கத்திலும் இதில் ஒரே குரல் இல்லை. மரியாவுக்குத் தனி ஏடு வேண்டுமா, திருச்சபை பற்றிய ஏட்டிலேயே ஓர் அதிகாரம் போதுமா என்று 1963 அக்டோபர் 29 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் வாக்கெடுத்தபோது 1,114க்கு 1,074 என்ற கணக்கில்தான் ஏட்டுக்குள்ளேயே வைப்பது ஜெயித்தது. 2025 நவம்பரில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை, மரியாவை 'இணை மீட்பர்' என்று அழைப்பது பொருத்தமற்றது என்று குறிப்பே வெளியிட்டது. ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கு வணக்கம் என்பதே அங்கே சட்டம். தேர் இழுக்கும் கூட்டத்தில் அந்தக் கோடு எல்லார் மனதிலும் அப்படியே இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆனால் ஒரு சபையை அதன் போதனையை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இப்போது முடிவுக்கு வருகிறவர் முன் மூன்று வழிகள். நான்கையும் திருச்சபையின் அதிகாரத்தோடு ஏற்பது. வசனத்திலிருந்து கிடைப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவது. தெளிவானதை அறிக்கையிட்டு, மற்றதை அவரவர் மனசாட்சிக்கு விட்டு, மரியாளை மதிப்போடு நினைவுகூர்வது. மூன்றாவது வழி எல்லாருக்கும் இதமாகப் படும். 2005இல் ஆங்கிலிக்கன்–கத்தோலிக்கக் கூட்டு ஆணையம் வெளியிட்ட சியாட்டில் அறிக்கை, அமல உற்பவமும் விண்ணேற்பும் வேதத்தின் போதனையோடு இசைவானவை என்று சொல்லலாம் என்கிற அளவுக்கு வந்தது. ஆனால் இசைவு வேறு, கட்டாயம் வேறு. 1854, 1950 அறிவிப்புகள் ஒரு கத்தோலிக்கருக்கு விருப்பப் பாடம் கிடையாது. சி.எஸ்.ஐ.காரர் விண்ணேற்பைத் தனிப்பட்ட முறையில் நம்பிக்கொண்டே சி.எஸ்.ஐ.யில் இருக்கலாம், ஆர்.சி.காரர் அதை மறுத்துக்கொண்டு மனசாட்சியோடு ஆர்.சி.யாக இருக்க முடியாது. நடுவழிக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் கதவு. வீட்டில் "ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம்" என்று பேசுகிறவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே திருச்சபை பிழையின்றி வரையறுக்க முடியும் என்று உங்களுக்கு நம்பிக்கை இருந்தால், கடைசி இரண்டு கோட்பாடுகளுக்கு வசனம் மெலிந்திருப்பது உங்களைத் தடுக்காது, ரோமுக்குப் போங்கள். அந்த நம்பிக்கை இல்லையென்றால், லூக்கா 1:28ஐ எத்தனை முறை விளக்கினாலும் அது உங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது. யார் வற்புறுத்தினாலும் மாறாதீர்கள். மாதா பாட்டு பிடித்திருக்கிறது, வேளாங்கண்ணியில் மனசு லேசாகிறது என்பதெல்லாம் நல்ல விஷயங்கள். ஆனால் சபை மாற அவை போதாது.

கல்யாணத்துக்காக மட்டும் கேட்கிறவர்களுக்கு ஒன்று. கலப்புத் திருமணத்துக்கு ஆர்.சி. தரப்பு ஆயரின் அனுமதி வாங்க வேண்டும். தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்வதாகவும் கத்தோலிக்கத் துணைதான் வாக்குக் கொடுக்கிறார். சி.எஸ்.ஐ. துணையிடம் அந்த வாக்கு தெரிவிக்கப்படும், அவ்வளவே. மாதாவைப் பற்றி எதையும் நம்பச் சொல்லி எழுதி வாங்குவதில்லை, மறுஞானஸ்நானமும் கிடையாது. முழுதாகக் கத்தோலிக்கராகச் சேர்கிறவர்தான், திருச்சபை விசுவசித்துக் கற்பிக்கும் அனைத்தையும் நானும் விசுவசிக்கிறேன் என்று எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். அந்த 'அனைத்தும்' என்பதில் 1854ம் 1950ம் அடக்கம். கோவிலில் கல்யாண ஓலை எழுதுவதற்கு முன்பே பங்குச் சாமியாரிடமும் போதகரிடமும் இரண்டு பேரும் சேர்ந்தே போய் இதைக் கேட்டுவிடுங்கள். பிள்ளையின் ஞானஸ்நானத்தைப் பற்றிய பேச்சையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். பிள்ளை பிறந்தபிறகு என்று தள்ளிப்போட்டால் அது இரண்டு பாட்டிகளுக்கு இடையே நடக்கும் பேச்சாகிவிடும்.